பாதி பெஞ்ச்

இந்தக் கதையைப் பல வருஷமாக நானே நம்பவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நம்பாத கதையை எதற்கு முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நீங்கள் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் அந்த வாசலில் நின்று உங்களைப் பின்னாலிருந்து பார்த்தேன். அதனால்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

நகர வேண்டாம் அம்மா, எனக்கு இந்த ஓரம் போதும். பையை நடுவில் வைத்துக்கொண்டீர்களா, சரி. இங்கே யாரும் எடுக்கமாட்டார்கள், இருந்தாலும் ஜாக்கிரதை நல்லதுதான். படம் வரைகிறீர்களா? வரையுங்கள், வரையுங்கள். நான் பேசினால் உங்கள் கைக்கு என்ன? என் மனைவியும் அப்படித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பேன், அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள்.

என் பெயர் ஏகாம்பரம். கொசப்பேட்டையில் கொலு பொம்மை செய்கிறவன். எங்கள் தெருவில் பழைய ஆட்கள் இந்த மியூசியத்தை இன்னும் செத்த காலேஜ் என்றுதான் சொல்வார்கள். மிருகங்கள் இருந்த இடம் உயிர் காலேஜ், இது செத்த காலேஜ். அந்த செத்த காலேஜுக்கு என் மனைவி குணசுந்தரி வாரா வாரம் புதன்கிழமை வருவாள். தனியாக. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினால் சாயங்காலம்தான் வீடு. இந்த ஹாலுக்கு வருவாள், இந்த பெஞ்சில் உட்காருவாள், எதிரே அந்தப் படத்தில் இருக்கிறதே கடல், அதைப் பார்ப்பாள். அவ்வளவுதான் என்று சொன்னாள். அதைத்தான் நான் நம்பவில்லை.

நீங்களே பாருங்கள். நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் என்ன இருக்கிறது அதில்? கடல் இருக்கிறது, மணல் இருக்கிறது, மேலே வானம். ஒரு படகு கிடையாது. ஒரு ஆள் கிடையாது. ஒரு நாய்கூட இல்லை. இதை ஒரு மனுஷி வருஷக்கணக்கில் வந்து பார்ப்பாளா?

எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விஷயம் புரியும். நான் அச்சுக்காரன். முதலில் களிமண்ணில் ஒரு பொம்மை செய்வோம், அது மூலம். அதன்மேல் அச்சு எடுப்பேன். பிறகு அந்த அச்சில் காகிதக்கூழை அடைத்து எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். காய வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை அடித்து, வண்ணம் பூசி, கடைசியில் கண். எங்கள் வேலையில் கண்தான் கடைசி. கண் திறக்கிற வரைக்கும் அது வெறும் கூழ். திறந்த பிறகுதான் பொம்மை. கண் திறக்கிறது குணசுந்தரி. களிமண் மூலம் செய்வதும் அவள்தான், அதையும் சொல்லிவிடவேண்டும். எனக்கு அச்சு தெரியும், வியாபாரம் தெரியும். ஒன்றை வைத்து இன்னொன்றை எடுக்கத் தெரியும். மூலம் இல்லாமல் அச்சு கிடையாது. இதுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

அவள் கண் வரையும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைவாள். பேசமாட்டாள். சரி, அவளுக்குத் துணையாக இருக்கட்டுமே என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். தெருவில் யார் யாரோடு சண்டை, எந்தக் கடைக்காரன் எவ்வளவு குறைத்துக் கேட்டான், இப்படி. எங்களுக்கு வீடும் பட்டறையும் ஒன்றுதான். ஒரு பெரிய அறை. காலையில் கண் விழித்தால் எதிரில் நான், ராத்திரி படுத்தால் பக்கத்தில் நான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை நான் தனியாக விட்டதே கிடையாது அம்மா. காய்கறி வாங்கப் போனாலும் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போவேன். தெருப் பெண்கள் எல்லாம் சொல்வார்கள், "குணாக்கா, உனக்கு வாய்ச்ச மாதிரி யாருக்கு வாய்க்கும்!" அவள் சிரிப்பாள்.

மியூசியம் எப்படி ஆரம்பித்தது என்றால், காஞ்சிபுரத்திலிருந்து என் தங்கை குடும்பம் வந்திருந்தது. சுற்றிக்காட்டக் கூட்டிவந்தோம். திமிங்கல எலும்பு, பழைய பீரங்கி, சாமி சிலை என்று எல்லாம் பார்த்துவிட்டு வெளியே மரத்தடியில் சாப்பாட்டைப் பிரித்தால் குணசுந்தரியைக் காணோம். நான் தேடிக்கொண்டு வந்தேன். இந்த ஹால் வாசலிலேயே நின்று கூப்பிட்டேன். "என்ன குணா, புளிசாதம் ஆறுது!" அவள் திரும்பிப் பார்த்தாள். தூங்கி எழுந்தவள் மாதிரி இருந்தது முகம். அடுத்த புதன்கிழமை புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"எங்க?"

"மியூசியம்."

"இரு, சட்டையை மாட்டிட்டு வரேன்."

"வேணாங்க. நான் மட்டும் போயிட்டு வரேன். புது செட் யோசிக்கணும்."

புது செட் என்றால் எங்கள் தொழிலில் வாயைத் திறக்க முடியாது. கொலுவுக்கு வருஷா வருஷம் ஜனங்கள் புதுசாகக் கேட்பார்கள். கல்யாண செட், வளைகாப்பு செட், கிரிக்கெட் செட் எல்லாம் ஊரே செய்கிறது. அது இல்லாமல் ஒன்று வேண்டும். பங்குனிக்குள் அது தயாராகவில்லை என்றால் கடைக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். அதனால் போகட்டும் என்று விட்டேன்.

பலன் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த வருஷம் மழை செட் செய்தாள். பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கி நிற்கிற கூட்டம். ஒருத்தி தலையில் முறம், ஒருவர் தலையில் பேப்பர், ஓரத்தில் ஒரு ஆடு. அந்த ஆட்டுக்காகவே விற்றது. அடுத்த வருஷம் மொட்டைமாடி செட், வடாம் காயப் போடுகிற பெண்கள். வடக்கு மாட வீதியில் கடை வைத்திருக்கிற நாகபூஷணம் என்னிடம் கேட்பார், "யோவ் ஏகாம்பரம், உன் பெண்டாட்டிக்கு இதெல்லாம் எங்கேருந்துய்யா வருது? உன்னைப் பார்த்தா வர்ற மாதிரி தெரியலையே." நான், "மியூசியத்துலேருந்து" என்பேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அவர் சிரித்ததுதான் என்னை அரித்தது என்று நினைக்கிறேன். இல்லை, அதற்கு முன்பே அரிக்க ஆரம்பித்திருக்கும். எது முதலில் என்று எனக்கே தெரியவில்லை. நான் சந்தேகப் பிராணி இல்லை அம்மா. ஆனால் யோசித்துப் பாருங்கள். புதன்கிழமை போய்விட்டு வருகிறவள் முகத்தில் ஒரு தெளிச்சி. சமையலறையில் பாட்டு முணுமுணுப்பாள். நான் வீட்டில் இருந்து, கூடவே இருந்து, ஒருநாளும் என்னால் வராத பாட்டு. ஆளில்லாத ஒரு கடலைப் பார்த்தா அது வரும்?

ஒரு புதன்கிழமை பின்னாலேயே வந்தேன். உள்ளே வரவில்லை. வெளியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை இருந்தது, அங்கே நின்றேன். டீக்குமேல் டீ. அவள் சாயங்காலம் தனியாக வெளியே வந்தாள். கையை வீசிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்தாள். யாரும் கூட வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் இல்லையா? நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தனித்தனியாக வெளியே வருகிறார்கள், கெட்டிக்காரர்கள் என்று நினைத்தேன். அவளுக்குப் பிறகு வெளியே வந்த ஆண்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒருவர். இரண்டு வெள்ளைக்காரர்கள். என்ன புத்தி பாருங்கள்.

நோட்டை மூடிவிட்டீர்களே. வரையுங்கள் அம்மா. இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன்.

மகளுக்குக் கல்யாணம் முடித்த மறுவருஷம். பங்குனி வந்துவிட்டது, புது செட் வரவில்லை. கேட்டால், "வரும்" என்பாள். ஒருநாள் நான் அச்சுக்கு பிளாஸ்டர் மாவு வாங்கப் போய்விட்டுத் திரும்பினால், பலகையில் ஈரத்துணி மூடி ஒன்று இருக்கிறது. துணியை எடுத்தேன். ஒரு பெஞ்ச். பெஞ்சின் ஒரு ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நடுத்தர வயது. கைகள் மடியில். பக்கத்தில் பை இல்லை, கூடை இல்லை, குழந்தை இல்லை. தலை லேசாக இடது பக்கம் சாய்ந்து, எதிரே எதையோ பார்க்கிறாள். மீதி பாதி பெஞ்ச் காலி.

கைவேலை என்று பார்த்தால் அவள் செய்ததிலேயே அதுதான் உசத்தி. அதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். களிமண்ணில் அந்த முதுகு இருக்கிறதே, அது மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கு குணா. மத்தவங்க எங்க?"

"மத்தவங்க யாரு?"

"செட்டுல மத்த பொம்மைங்க."

"இவ்வளவுதாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொலுவில் எல்லாமே ஜோடி, இல்லையென்றால் கூட்டம். மரப்பாச்சிகூட ஜோடியாகத்தான் வைப்பார்கள். மளிகைக் கடை போட்டு உட்கார்ந்திருக்கிற செட்டியாருக்கே பக்கத்தில் செட்டியாரம்மா உண்டு. ஒற்றையாக ஒரு பொம்பளை பொம்மையை யார் வீட்டுப் படியில் வைப்பார்கள்?

"எங்கேருந்து பிடிச்சே இவளை?" என்று கேட்டேன்.

"அந்தக் கடல் படத்தைப் பார்த்துட்டே இருந்தேனா, அப்ப வந்தா."

"அதுலதான் ஆளே இல்லைன்னு சொல்லுவியே."

"இல்லைதான்."

"அப்புறம் எப்படி வருவா?"

அவள் கையில் இருந்த மண்ணை விரல் விரலாக உருட்டி எடுத்துக்கொண்டே சொன்னாள், "ஆள் இல்லாததாலதாங்க வந்தா."

இதுதான் அவள் சொன்ன கணக்கு. இதைத்தான் நான் இத்தனை வருஷமாக மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஆள் இல்லாத படத்திலிருந்து ஆள் எப்படி வரும்? மூலம் இல்லாமல் அச்சா? அப்படியானால் வேறு எங்கேயோ மூலம் இருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை, அப்படித்தானே? அதுவும் அந்தக் காலி இடம். அவள் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்து, மீதியைக் காலியாக விட்டிருக்கிறாள் என்றால் யாரோ வரப்போகிறான் என்றுதானே அர்த்தம்? இல்லை, இருந்துவிட்டு எழுந்து போயிருக்கிறான்.

நாகபூஷணத்தைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யாருய்யா இந்தம்மா? பஸ்ஸுக்கு நிக்குதா?"

"உட்கார்ந்திருக்கா சார்."

"பஸ் வராதுன்னு உட்கார்ந்துடுச்சா? வீட்ல சண்டை போட்டுட்டு வந்த மாதிரி இருக்கேய்யா. நவராத்திரியில இதைப் பார்த்தா சுண்டல் வாங்க வந்த மாமிங்க எல்லாம் அழுதுட்டுப் போவாங்க." குணசுந்தரி அடுப்படியில்தான் இருந்தாள், காபி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் குரலைக் குறைக்கவே இல்லை. "பாதி பெஞ்ச் சும்மாதானே கிடக்குது, ஒரு ஆம்பளையை உட்கார வையேன். ஜோடியாயிடும்."

எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது, அவர் சொன்னதால் இல்லை. எங்களிடம் பழைய பார்க் செட் ஒன்று இருந்தது, அதில் பேப்பர் படிக்கிற பெரியவர் அச்சு இருந்தது. அடுத்த புதன்கிழமை குணசுந்தரி இங்கே வந்திருந்தபோது நான் அதை எடுத்தேன். கொஞ்சம் வயசைக் குறைத்தேன், மீசை வைத்தேன். அளவு அப்படியே பொருந்திவிட்டது அம்மா, அவருக்கென்றே விட்ட இடம் மாதிரி. ஆனால் ஜோடி சேரவில்லை. ஏன் என்று பார்த்தேன். அவள் எதிரே எங்கேயோ பார்க்கிறாள், இவர் ஒருவர் பக்கத்தில் இருப்பதே தெரியாத மாதிரி. களிமண் ஈரமாகத்தான் இருந்தது. அவள் கழுத்தை லேசாக, இதோ இவ்வளவுதான், இந்தப் பக்கம் திருப்பினேன். இப்போது அவரைப் பார்க்கிறாள். வாயோரத்தில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினேன். சிரிக்கிறாள்.

சாயங்காலம் குணசுந்தரி வந்தாள். பார்த்தாள். நான் சொன்னேன், "பாரு, இப்ப எவ்வளவு நிறைவா இருக்கு." அவள் நின்று பார்த்தாள். பிறகு போய்க் கை கழுவினாள். வெளியிலிருந்து வந்தவள், கையில் மண்ணே கிடையாது, ரொம்ப நேரம் கழுவினாள்.

அச்சு எடுத்தேன், வண்ணம் வரைக்கும் எல்லாம் ஆயிற்று. கண் திறக்கிற நாள் வந்தது. அவள் தூரிகையைத் தொடவில்லை.

"இதுக்கு மட்டும் நீங்களே திறந்துடுங்க" என்றாள்.

"நானா? எனக்கு எங்க வரும்?"

"அவ எங்க பார்க்கணும்னு உங்களுக்குத்தானே தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரல். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட, பாருங்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கண் வேலையை என்னிடம் தருகிறாள் என்று. என் கண் கொஞ்சம் முட்டைக்கண்ணாகத்தான் வந்தது. ஆனாலும் ஓடியது. பார்க் தம்பதி செட் என்று பெயர் வைத்தோம். அந்த வருஷம் வடக்கு மாட வீதியில் எந்தக் கடையில் பார்த்தாலும் அதுதான். உங்கள் வீட்டில்கூட இருக்கலாம். இல்லையா? கொலு வைப்பதில்லையா. சரி.

அந்த நவராத்திரி முடிந்த கையோடு மகளுக்குப் பிரசவம். மகள் ஓசூரில் இருக்கிறாள். குணசுந்தரி உதவிக்குப் போனாள். ஒத்தாசைக்கு ஆள் வேண்டாமா, நியாயம்தானே. பேத்தி பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள், இப்போது ஸ்கூல் பஸ்ஸில் போகிறாள். குணசுந்தரி இன்னும் உதவிக்குத்தான் இருக்கிறாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தெருவில் கேட்கிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவோம். நான் அங்கே போய் இருக்கலாம் என்று ஒருமுறை சொன்னேன். "சின்ன வீடுங்க, உங்களுக்குச் சரிப்படாது" என்றாள். எங்களுடையதைவிடப் பெரிய வீடு அது. மூன்று அறை.

பட்டறையில் இப்போது வேறு ஆள் வைத்துக் கண் வரைகிறேன். நானே சமைக்கிறேன். ரசம் ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்தப் பெரிய அறையில் உட்கார்ந்தால், வரிசையாகக் கண் திறக்காத பொம்மைகள். பேசிப் பார்ப்பேன். பழக்கம். குரல் போய்ச் சுவரில் இடித்துத் திரும்பி வரும். அப்போதெல்லாம் யோசிப்பேன். எங்கே தப்பு நடந்தது? நான் சந்தேகப்பட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டதா? டீக்கடையில் பார்த்துவிட்டாளா? இல்லை, அந்தச் செட்டில் ஏதாவது குறையா? மீசை கொஞ்சம் பெரிதாகிவிட்டதோ? பேப்பரைக் கொடுத்திருக்கக் கூடாதோ, வேறு ஏதாவது, பூ மாதிரி, கொடுத்திருக்கலாமோ?

அப்புறம்தான் நானே இங்கே வர ஆரம்பித்தேன். புதன்கிழமைதான். முதல் நாள் எல்லா ஹாலும் தேடினேன், பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிற படம் எங்காவது இருக்கிறதா என்று. பல்லக்கில் போகிற ராணி இருக்கிறாள், குடம் தூக்குகிறவள் இருக்கிறாள், கண்ணாடி பார்க்கிறவள் இருக்கிறாள். பெஞ்சில் ஒருத்தியும் இல்லை. சரி, யாராவது ஒரு ஆள் வழக்கமாக வருகிறானா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. ஸ்கூல் பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள் வருவார்கள். இந்த பெஞ்சில் உட்கார்ந்து நானும் கடலைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. மேலே சுற்றுகிற காத்தாடி சத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாராவது உட்கார மாட்டார்களா என்று இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் ஒரு முடிவுக்கு வந்து வைத்திருந்தேன். அவள் சொன்னது பொய். படமும் இல்லை, கடலும் இல்லை. எவனையோ பார்த்திருக்கிறாள், அவன் வராமல் போயிருக்கிறான், அந்த ஏக்கத்தில் செய்த பொம்மை. கஷ்டமான முடிவுதான். ஆனால் முடிவு என்று ஒன்று இருந்தால் தூக்கம் வரும், இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை பேத்தி வீடியோவில் கூப்பிட்டாள். "தாத்தா, என் பல்லு விழுந்துடுச்சு பாருங்க!" வாயைத் திறந்து போனுக்குள்ளேயே வந்துவிட்டாள். பிறகு கொஞ்சம் நகர்ந்தாள். பின்னால் ஜன்னல் கட்டை. அதன்மேல் ஒரு களிமண் பொம்மை. வெள்ளை அடிக்கவில்லை, வண்ணம் இல்லை. பெஞ்ச். ஓரத்தில் ஒருத்தி. தலை இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, நேர் எதிரே பார்க்கிறாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"அது யாரு செஞ்சது கண்ணு?"

"பாட்டி. நிறைய செய்வாங்க. இவங்களை மட்டும் யாருக்கும் தரமாட்டாங்க, எனக்கே தரமாட்டாங்க."

"எதைப் பார்த்துச் செஞ்சாங்க? அங்க மியூசியம் இருக்கா?"

"மியூசியம்னா என்ன தாத்தா?"

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அங்கே படம் இல்லை. எவனும் இல்லை, மகள் வீட்டில் எவன்? மூலம் எதுவும் இல்லாத ஊரில் அதே பொம்மை, அதே சாய்வு, அதே காலி இடம். இத்தனை நாள் நான் வைத்திருந்த முடிவு பொலபொலவென்று போய்விட்டது. சரி, ஆள் வேறு யாரும் இல்லை என்றால், அந்த இடம் எனக்காகத்தான் இருக்க வேண்டும். அப்படித்தானே வரும்? ஒன்று, எவனோ ஒருவனுக்கு. இல்லையென்றால் எனக்கு. எனக்கு என்றால் நான் ஒருவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தபோது அவள் ஏன் அப்படிக் கை கழுவினாள்? இதையே நினைத்துக்கொண்டு இன்றைக்கு இங்கே வருகிறேன், வாசலில் நின்று பார்க்கிறேன், நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓரத்தில். தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு. பாதி பெஞ்ச் காலி. களிமண்ணுக்கு உயிர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அதனால்தான் வந்தேன். நீங்களும் தனியாக இருந்தீர்கள், பாவம், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் நன்றாக இருக்குமே என்று.

என்ன அம்மா? சத்தமாகச் சொல்லுங்கள்.

யாருக்கும் இல்லாமலும் இருக்கலாமா? எது, அந்த இடமா? அது எப்படி அம்மா? யாருக்கும் இல்லாத இடத்தை எதற்கு ஒருத்தி மெனக்கெட்டு மண் பிசைந்து, பலகை தட்டி, கால் வைத்து... ஒரு ஆள்தான் உட்காரப்போகிறாள் என்றால் சின்னதாக ஒரு முக்காலி போதுமே. மண்ணும் மிச்சம்.

கிளம்பிவிட்டீர்களா? இன்னும் நேரம் இருக்கிறதே. அந்த ஹாலுக்கா? அங்கே கடல் இல்லை, ராணிகள்தான். சரி, போய்ப் பாருங்கள். உங்கள் பென்சில் அம்மா, இதோ, கீழே விழுந்திருக்கிறது. பரவாயில்லை. போய் வாருங்கள்.

போய்விட்டாள்.

யாருக்கும் இல்லாமல்.

குணா? நான்தான்... சாப்பிட்டேன். ரசம்... இல்ல, வீட்ல இல்ல. மியூசியத்துல இருக்கேன்... ஆமா, புதன்கிழமைதான்... ஆமா, படத்துக்கு முன்னாடிதான், உன் பெஞ்சுலதான்... இல்ல, யாரும் இல்ல. ஒரு அம்மா இருந்தாங்க, ஏதோ வரைஞ்சிட்டு இருந்தாங்க, இப்பத்தான் எழுந்து போனாங்க... தொந்தரவா? நான் எதுக்கு தொந்தரவு பண்றேன், சும்மா பேசிட்டு இருந்தேன், அவ்வளவுதான்... சரி. சரி... கடல் அப்படியேதான் இருக்கு... வச்சிடாத குணா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இல்ல, நீ ஊருக்கு எப்ப வரேன்னு கேக்கல. அந்தப் பொம்மையில, அவ பக்கத்துல பாதி பெஞ்ச் சும்மா விட்டிருந்தியே. நான்கூட ஆளை வச்சேனே. அதைத்தான். நீ யாருக்கு விட்டேன்னு கேக்கல குணா. யாருக்குமே இல்லையா?